வெள்ளைக் கல் போட்ட பிறகு மீன் சாகுது, பிஎச் (தண்ணியின்ர அமில-கார அளவு) ஏறுது – அவசரம்

வெள்ளவத்தை_புதுத்தொட்டி
மீன் தொட்டிக்குள்ள வெள்ளைக் கல் போட்டு 5 நாள். நியோன் டெட்ரா 3 செத்துப்போச்சு, மிச்சம் மேல வந்து வாயைத் திறக்குது. நல்லாக் கழுவித்தான் போட்டனான். சுண்ணாம்புக் கல்லோ எண்டு வினாகிரி ஊத்தியும் பாத்தன், நுரைக்கேல்லை. அப்ப கல்லில பிழை இல்லைத்தானே? கெதியாச் சொல்லுங்கோ.

கிளிமீன்
என்ன கல்? எத்தனை லீட்டர்? தொட்டி தொடங்கி எவ்வளவு நாள்? பிஎச் எவ்வளவு, மீன் கழிவால வாற அமோனியா எவ்வளவு? ஒண்டும் சொல்லாமல் என்னத்தைச் சொல்லுறது?

பைப்தண்ணி
குளோரின்தான். அம்பத்தளைச் சுத்திகரிப்பு நிலையத்தில இருந்து வாற தண்ணியை அப்பிடியே விட்டா இதுதான் நடக்கும்.

கல்நெஞ்சன்
கல்லைக் கழுவினா காணாது. 1 மணித்தியாலம் அவிக்கோணும். கிருமி போயிடும், பிரச்சினை முடிஞ்சுது.

தொட்டிவாத்தியார்
மீன் வாங்க முன்னர் ஒரு கிழமை வாசித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திராது. இதே சந்தேகம் மாதத்துக்கு இரண்டு தடவை வருகிறது. தேடுவது அவ்வளவு கஷ்டமா?

வெள்ளவத்தை_புதுத்தொட்டி
2 அடி தொட்டி, 2 மாசமா ஓடுது. தோட்டத்துக்கு விக்கிற வெள்ளைக் கல், ஒரு 6 கிலோ. பிஎச் முந்தி 6.8, இப்ப 8 தாண்டுது. குளோரினைப் போக்கிற மருந்து விடுறனான். அமோனியா பாக்கேல்லை.

கருங்கல்
முதல்ல கல்லை எல்லாம் வெளியில எடுங்க. தோட்டத்து வெள்ளைக் கல்லுன்னா படிகக் கல்லா (குவார்ட்ஸ்) இருக்கலாம், மாபிளா இருக்கலாம், டொலமைட்டா (மக்னீசியம் கலந்த சுண்ணாம்பு வகைக் கல்) இருக்கலாம். மாத்தளை, திகன பக்கம் மாபிளும் டொலமைட்டும் தாராளமா இருக்கு. கண்ணால பிரிக்க ஏலாது.

வினாகிரி உங்களை ஏமாத்தியிருக்கு. டொலமைட் முழுக்கல்லா இருந்தா சூடாக்காத வினாகிரிக்கு அசையவே மாட்டாது. சில கல்லுக்குப் பளபளப்புக்கு மெழுகும் பூசியிருப்பாங்க. ஒரு மூலையைச் சுத்தியலால தட்டி, ஒரு தேக்கரண்டி தூள் எடுத்து, கைபொறுக்கிற சூட்டில வினாகிரி விடுங்க. டோர்ச் அடிச்சு 2 நிமிசம் பாருங்க. ஊசிமுனை மாதிரி குமிழி விடாம எழும்பினா கார்பனேட், அதாவது சுண்ணாம்பு வகைக் கல்.

அடுத்தது, உடைஞ்ச முனையால பழைய போத்தல் கண்ணாடியில கீறுங்க. படிகக் கல் கோடு போடும். மாபிளும் டொலமைட்டும் போடாது, கத்தியால கீறினா அதுங்கதான் கீறுப்படும்.

கொழும்புத் தண்ணி மென்மை, கேஎச் (பிஎச்சை நிலையா வெச்சிருக்கிற கார்பனேட் அளவு) குறைவு. அதில இந்தக் கல் கரைஞ்சா கேஎச், ஜிஎச் (மொத்தக் கடினம்), பிஎச் மூணும் ஏறும். பிஎச் ஏறினா இருக்கிற கொஞ்ச அமோனியாவும் விஷமாகும்: பிஎச் 7 இல 1 சதவீதத்துக்கும் குறைவாத்தான் விஷ வடிவத்தில இருக்கும், 8 இல 5 சதவீதம் தாண்டும். வாய் திறக்கிறது அதனாலயும் இருக்கலாம், அமோனியாவை இண்டைக்கே பாருங்க.

கல்நெஞ்சன்
யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணி முழுக்கச் சுண்ணாம்பு. அதில கப்பி, மொலி மீன் சோக்கா வாழுது. சும்மா பயப்படுத்தாதேங்கோ.

கிளிமீன்
மொலியும் நியோனும் ஒண்டே? மொலிக்குக் கடினத் தண்ணி விருப்பம். நியோன் அமேசன் பக்கத்து மென்தண்ணி மீன். அதோட 5 நாளில 6.8 இலயிருந்து 8க்கு ஏறினதுதான் பெரிய அடி.

பைப்தண்ணி
கல்லை அவிக்கச் சொன்னதுக்கு ஒருத்தரும் மறுப்புச் சொல்லேல்லையே. கல்லு வெடிக்கும்!

கல்நெஞ்சன்
10 தரம் அவிச்சன், ஒண்டும் வெடிக்கேல்லை.

கருங்கல்
பானைத் தண்ணியில வெடிக்கிறது அபூர்வம்தான். ஆனா ஆத்துக் கல்லில, அடுக்கடுக்கான கல்லில உள்ளுக்க ஈரம் இருக்கும். ஓவன் அடுப்பிலயோ நெருப்பிலயோ வெச்சா ஆவி வெளியேற வழியில்லாம சில்லாப் பறக்கும். கடல்ல எடுத்த கல்லை அவிக்கவே வேணாம், ஒட்டியிருக்கிற சில உயிரிகளோட நஞ்சு ஆவியில வரும். பவளக் கல் எடுக்கிறது இங்க சட்டப்படி குற்றமும்கூட.

கருங்கல், படிகக் கல்லுக்கு அவ்வளவு பாடு தேவையில்லை. சவர்க்காரம் போடாம தேங்காய்த் தும்பால தேய்ங்க, பேசினில வெச்சுக் கொதிதண்ணி 3 தரம் ஊத்துங்க, ஆறவிடுங்க. பாசி, சேறு இருந்தா மட்டும் வாசனை சேர்க்காத ப்ளீச் 1 பங்கு, தண்ணி 10 பங்கு, அரை மணித்தியாலம். பிறகு அலசி, குளோரினைப் போக்கிற மருந்தை மூணு மடங்கு விட்ட தண்ணியில ஒரு நாள், வெயில்ல 3 நாள். மணம் வந்தா திருப்பி ஊறவைங்க. ப்ளீச் பட்ட கல்லில வினாகிரியோ டொய்லெட் அசிட்டோ விடவே கூடாது, குளோரின் வாயு வரும்.

தொட்டிவாத்தியார்
வாளிச் சோதனையை மறந்துவிட்டீர்கள். ஒரு வாளியில் கல்லும் தண்ணீரும், மற்றதில் வெறும் தண்ணீர். ஒரு கிழமை கழித்து இரண்டிலும் கேஎச் பார்த்தால் தெரிந்துவிடும். இதற்கு இவ்வளவு பெரிய விளக்கமா?

கருங்கல்
வாத்தியார் சொன்னது நல்ல சோதனை. ஆனா மீன் ஒரு கிழமை காத்திருக்காது.

தண்ணியை ஒரேயடியா மாத்த வேணாம். இண்டைக்கு 25 சதவீதம், நாளைக்கு 25, அதே சூட்டில, மருந்து விட்டு. எயார் கல் (காத்துக் குமிழி விடுறது) ஓடட்டும். 2 நாள் சாப்பாடு போடாதீங்க.

வெள்ளவத்தை_புதுத்தொட்டி
கண்ணாடியில கோடு விழேல்லை. தூளில சின்னக் குமிழி வந்தது. எல்லாம் எடுத்தாச்சு, தண்ணியும் 25 மாத்தினன். மிச்சம் 7 இருக்கு, நீந்துது. இந்த 6 கிலோவை என்ன செய்யிறது?

கிளிமீன்
பூச்சட்டிக்குப் போடுங்கோ. அமோனியா எவ்வளவு எண்டு இன்னும் சொல்லேல்லை.