கைல தூக்குற பேஸ் ஆம்ப் எடுக்கணும், ட்ரை பண்ணும்போது என்ன பாக்கணும்? (கூடவே ஒரு நோட் மட்டும் ரூமையே அதிர வைக்குது)

நாலுகம்பி:
வணக்கம் மக்களே. பேஸ் கிட்டார் ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, இவ்ளோ நாளா ஃப்ரெண்டோட 25 வாட்ஸ் ஆம்ப், 8 இன்ச் ஸ்பீக்கர், அதை வெச்சு ஓட்டிட்டேன், இப்ப அவன் திருப்பிக் கேக்குறான். சொந்தமா ஒரு காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டில இருக்கிறது) எடுக்கணும். மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அதனால ஒத்தக் கைல தூக்கணும். வாரம் ஒருநாள் ட்ரம்ஸோட ரிகர்சல் இருக்கு.

ரெண்டு பிரச்சனை. வீட்ல தனியா வாசிச்சா செம்மையா கேக்குது, ட்ரம்மர் ஆரம்பிச்சதும் நான் வாசிக்கிறேனா இல்லையான்னு எனக்கே தெரியல, வால்யூம ஏத்துனா பர்ர்ருனு கிழியுது. இன்னொண்ணு, வீட்ல ஓபன் ஏ (எங்கயும் விரல் வெக்காம ஏ ஸ்ட்ரிங்) அடிச்சா மட்டும் ரூமே அதிருது, மத்த நோட்டெல்லாம் சாதாரணமா இருக்கு. கோளாறு கிட்டார்லயா ஆம்ப்லயா?

மாடிப்படி:
முதல்ல ஒண்ணு சொல்லுங்க, ஆம்ப்ல பேஸ் நாப் (அடி சத்தத்துக்கு) ஃபுல்லாவும் மிட் (நடு சத்தத்துக்கு) ஜீரோலயும் வெச்சிருக்கீங்களா?

நாலுகம்பி:
எப்படி கண்டுபிடிச்சீங்க 🙈

மாடிப்படி:
எல்லாரும் செஞ்ச தப்புதான், நானும் ஒரு வருஷம் அப்படியே வாசிச்சேன். தனியா கேக்க இனிக்கும், பேண்டுல காணாம போயிடும். ஓபன் ஈ 41 ஹெர்ட்ஸ், சின்ன ஸ்பீக்கர் அதை ஒழுங்கா தள்ளவே தள்ளாது, அதோட சேந்தே வர்ற ரெண்டு மடங்கு, மூணு மடங்கு சத்தம், அதாவது 82, 123 ஹார்மோனிக்கை வெச்சுதான் நம்ம காது நோட்டைப் புடிக்குது. நீங்க பேஸ 10 டெசிபல் ஏத்துனா அந்த இடத்துல 10 மடங்கு பவர் கேக்கும், 25 வாட்ஸ் எங்க போகும், கிழியத்தான் செய்யும். பேஸ நடுவுக்குக் கொண்டாங்க, 400லருந்து 800 ஹெர்ட்ஸ் வரைக்கும் மிட்ட ஏத்துங்க.

அதுக்காக 25க்கு பதிலா 50 வாங்காதீங்க, டபுள் பவர்னா வெறும் 3 டெசிபல்தான் கூடும். ட்ரம்ஸோடன்னா 100 வாட்ஸ் பக்கம், 10 இல்ல 12 இன்ச் ஸ்பீக்கர். வெயிட்டுக்குப் பயப்படாதீங்க, இப்ப கிளாஸ் டி ஆம்ப் (சூடு கம்மி, வெயிட்டும் கம்மியான வகை) வந்தப்புறம் ஃபெண்டர் ரம்பிள் 100 மாதிரி 12 இன்ச் காம்போவே சுமார் 10 கிலோதான். டப்பால 500 வாட்ஸ்னு போட்டிருந்தா எத்தனை ஓம்ஸ்லன்னு பாருங்க, சிலதுல அது 4 ஓம்ஸுக்கு, அதாவது வெளிய இன்னொரு கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) சொருகுனாதான் கிடைக்கும், உள்ள இருக்கிற 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் மட்டும்னா கிட்டத்தட்ட பாதிதான்.

கீழ்சுருதி:
அந்த ஏ விஷயத்துக்கு வர்றேன். ஈ ஸ்ட்ரிங்ல 5வது ஃப்ரெட் புடிச்சு அதே ஏ-வ அடிங்க. அதுவும் அதிர்ந்தா ஸ்ட்ரிங் மேல தப்பில்ல. அப்புறம் ஹெட்ஃபோன் சொருகிக் கேளுங்க, அதுல அதிரலன்னா கிட்டார், ஆம்ப் ரெண்டையும் விட்ருங்க, ரூம்தான் வில்லன். ஆமா உங்க ரூம் நீளம் 10 அடி பக்கமா?

நாலுகம்பி:
அண்ணே டேப் வெச்சு அளந்தேன், 10 அடி 2 இன்ச்!! 5வது ஃப்ரெட்லயும் அதிருது, ஹெட்ஃபோன்ல ஒண்ணுமே இல்ல. ஆம்ப் மூலைல இருக்கு, நான் கட்டில்ல சுவத்துல சாஞ்சு வாசிப்பேன்.

கீழ்சுருதி:
அதான் பாருங்க. ஏ 55 ஹெர்ட்ஸ், அதோட பாதி அலைநீளம் 3.1 மீட்டர், அதாவது உங்க ரூம் நீளமேதான். எதிரெதிர் சுவத்துக்கு நடுவுல அலை அப்படியே நின்னுடுது, சுவர்கிட்ட உச்சம், நடுவுல கம்மி. நீங்க ஆம்பையும் சுவர்கிட்ட வெச்சு காதையும் சுவர்கிட்ட வெச்சிருக்கீங்க. ஆம்பை மூலைல இருந்து எடுத்து நீளவாக்குல நடுப்பக்கமா நகத்துங்க, நீங்களும் சுவத்தை விட்டு வாங்க. புது ஆம்ப் வாங்குனாலும் இதே ஏ அதிரும், அதுல ஏமாறாதீங்க.

மாடிப்படி:
ட்ரை பண்ண உங்க கிட்டாரையே கொண்டு போங்க, நாப் எல்லாம் நடுவுல. ஈல ஆரம்பிச்சு 12வது ஃப்ரெட் வரைக்கும் ஒவ்வொண்ணா மெதுவா, கொஞ்சம் சத்தமாவே. பத்தடி தள்ளி நின்னு கேளுங்க, பக்கத்துலயே நின்னா முழங்காலுக்குதான் கேக்கும். ஹெட்ஃபோன்ல இரைச்சல் இருக்கான்னு பாருங்க, டிஐ அவுட் (சிக்னலை நேரா மிக்ஸருக்கு அனுப்புற சாக்கெட்) கண்டிப்பா இருக்கணும், பெரிய இடம்னா அதுல இருந்து மிக்ஸருக்குப் போயிடலாம். அப்புறம் வெக்கப்படாம கைல தூக்கிட்டு கடைப் படி ஏறி எறங்குங்க.

நாலுகம்பி:
அப்டேட். 10 இன்ச், 12 இன்ச் ரெண்டும் ஓட்டிப் பாத்தேன். 12 இன்ச்சுல ஜி அடிச்சா ஜர்ர்ருனு ஒரு சத்தம், ஸ்பீக்கர் போச்சுன்னு நெனச்சு வேண்டாம்னு சொல்ல வாயெடுத்தேன், பாத்தா பின்னாடி ஒரு ஸ்நேர் ட்ரம் நின்னுட்டிருக்கு, அடில அந்தக் கம்பிதான் கூட சேந்து பாடுது 😂 லீவர தட்டிவிட்டதும் கப்சிப். 12 இன்ச்சே எடுத்துட்டேன், வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தப்ப ரெண்டாவது மாடில ஒருவாட்டி கை மாத்துனேன், அவ்ளோதான். நேத்து ரிகர்சல்ல மிட்ட ஏத்தி வெச்சேன், ட்ரம்மரே திரும்பிப் பாத்தான். வீட்ல ஏ முக்கால்வாசி அடங்கிடுச்சு, மிச்சத்துக்குக் கட்டில நகத்தணும், அதுக்கு அம்மாகிட்டதான் இன்னும் பேசல.