வரைபடத்தை விட்டுப் போன மார்க்கர்கள் நினைவகத்தை விட்டுப் போகவில்லை

ஊர்திகளின் இருப்பிடத்தை மார்க்கர்களால், அதாவது வரைபடக் குறிகளால், காட்டும் கட்டுப்பாட்டு அறைத் திரை ஒன்றை லீஃப்லெட் என்ற வலை வரைபட நிரலகம் கொண்டு எழுதியிருந்தேன். காலையில் திறந்தால் இரவுவரை மூடாத பக்கம் அது. மதியத்துக்குள் பக்கம் செயலிழந்துவிடுவதாகப் புகார் வந்தபோது, வரைபடத்தை உருவாக்கும் சதுரப் படத்துண்டுகளான டைல்கள்தாம் நினைவகத்தை நிரப்புகின்றன என்று நானாகவே முடிவுகட்டி இரண்டு நாள்களை வீணாக்கினேன். நேரம் ஆக ஆக ஜூம் செய்வது திணறுகிறது என்றும் அதே புகாரில் ஒரு வரி இருந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை.

பிறகு குரோம் உலாவியின் டெவ்டூல்ஸ் கருவியில், மெமரி பகுதியில் ஒரு ஹீப் ஸ்னாப்ஷாட்டும் (நிரலின் பொருள்கள் நினைவகத்தில் இருக்கும் நிலையின் பதிவு), ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்றும் எடுத்து ஒப்பிட்டேன். ஸ்னாப்ஷாட்டுக்கு முன் குரோம் தானே, பயன்படாத பொருள்களை நினைவகத்திலிருந்து அகற்றும் கார்பேஜ் கலெக்‌ஷனை நடத்திவிடுவதால், மிஞ்சுபவை எதனாலோ பிடித்துவைக்கப்பட்ட பொருள்களே. 'டிடாச்டு' (பக்கத்தோடு இணைப்பில்லாதவை) என்று வடிகட்டியதும், மார்க்கரைச் சொடுக்கினால் திறக்கும் பாப்-அப் பெட்டிக்காக நான் உருவாக்கிய டிவ் என்ற பக்கக் கூறுகள் ஏறத்தாழ 12,000 வந்து நின்றன. ஒன்றைத் தேர்ந்து எது அதைப் பிடித்திருக்கிறது என்று காட்டும் ரிடெய்னர்ஸ் பகுதியைப் பார்த்தேன்: டிவ்வைப் பாப்-அப்பும், பாப்-அப்பை மார்க்கரும், மார்க்கரை ஒரு குளோஷரும் (சுற்றியுள்ள மாறிகளைப் பிடித்துவைத்திருக்கும் ஃபங்ஷன்), அந்தக் குளோஷரை வரைபடத்தின் 'ஜூம்எண்ட்' லிசனர் பட்டியலும் (ஜூம் முடிந்ததும் அழைக்கப்படும் ஃபங்ஷன்கள்) பிடித்திருந்தன.

பத்து விநாடிக்கு ஒருமுறை 'கிளியர்லேயர்ஸ்' மூலம் 400 மார்க்கர்களையும் நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்கும் என் நிரல், ஐகானின் அளவை மாற்றுவதற்காக ஒவ்வொரு மார்க்கருக்கும் வரைபடத்தில் ஒரு லிசனரைப் பதிந்துகொண்டிருந்தது. மார்க்கர் நீங்கியபோது லிசனர் நீங்கவில்லை. மணிக்கு 1,44,000 லிசனர்கள். ஜூம் செய்யும்போதெல்லாம் அத்தனையும் ஓடின.

லிசனரை நீக்குவதிலும் இருமுறை தவறினேன். 'ஆஃப்' அழைப்பில் அதே வரிகளைக் கொண்ட புதிய ஃபங்ஷனைக் கொடுத்தேன்; பதிந்த ஃபங்ஷன் வேறு, இது வேறு என்பதால் எதுவும் நீங்கவில்லை. சலிப்பில் ஃபங்ஷனே கொடுக்காமல் அழைத்தபோது லீஃப்லெட் தனக்காகப் பதிந்திருந்தவையும் சேர்ந்து நீங்கி, ஜூம் செய்ததும் வழித்தடக் கோடுகள் இடம் பிசகின. இறுதியில், மார்க்கர்களை அழிக்காமல் 'செட்லாட்லாங்' கொண்டு நகர்த்தினேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே லிசனர் வைத்தேன். ஒன்றை மட்டும் சொல்லவேண்டும்: கன்சோலில் அச்சிட்ட பொருள்களை டெவ்டூல்ஸ் தானே பிடித்துவைக்கும். இல்லாத நினைவகக் கசிவு ஒன்றைத் தேடி அதனால் அரை நாள் போனது.

மறுமொழி

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. ஹீப் வரைகோடு சமமாகவே இருந்தது. பக்கம் மீளேற்றப்படாத ஒற்றைப் பக்கச் செயலியில் பயனர் வரைபடத்தைத் திறந்து மூடும்போதெல்லாம் மேப்லிப்ரே என்ற இன்னொரு நிரலகத்தின் வரைபடம் ஒன்று புதிதாகப் பிறந்தது. பழையதற்கு 'ரிமூவ்' அழைப்பு எங்குமே இல்லை. மேசைக்கணினிக் குரோம் ஒரே நேரத்தில் 16 வெப்ஜிஎல் கான்டெக்ஸ்ட்களையே (கிராஃபிக்ஸ் சில்லு கொண்டு வரையும் பரப்புகள்; மேப்லிப்ரே வரைபடம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று) அனுமதிப்பதால், அந்த எண்ணிக்கையைக் கடந்ததும் மிகப் பழையதைப் பறித்துக்கொள்கிறது. அன்று அந்த மிகப் பழையது, முகப்பில் எப்போதும் தெரியும் சிறு வரைபடமாக இருந்தது. அது வெறுமையானதைக் கண்ட பிறகே கன்சோல் எச்சரிக்கையைப் படித்தேன்.

மறுமொழி

ஹீப்பில் தெரியாத இன்னொன்று டைல் படங்கள். 256×256 படம் கோப்பாகச் சில கேபி இருந்தாலும், விரித்தபின் ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் 256 கேபி பிடிக்கும். ஆகவே ஸ்னாப்ஷாட்டோடு, ஷிஃப்ட்-எஸ்கேப் அழுத்திக் குரோமின் டாஸ்க் மேனேஜரையும் திறந்துவைத்துக்கொள்கிறேன். அங்கே மட்டும் நினைவக எண் ஏறினால் ஸ்னாப்ஷாட்டை மூடிவிட்டுப் படங்களையும் கான்டெக்ஸ்ட்களையும் தேடத் தொடங்குவேன்.