க்ளோசபின் எடுக்கும் அண்ணனுக்கு வேகமான இதயத் துடிப்பு: மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி – தென்காசித் தங்கை

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு வயது 46. மனச்சிதைவு நோய்க்கு இளம் வயதிலிருந்தே சிகிச்சை பெற்று வருகிறார். மற்ற மருந்துகள் பலன் தராததால் பல ஆண்டுகளுக்கு முன் க்ளோசபின் தொடங்கினார்கள். இப்போது நாளொன்றுக்கு 300 மில்லிகிராம். அதன் பிறகுதான் காதில் குரல்கள் கேட்பது ஓய்ந்து, சித்தப்பா கடையில் கணக்கு எழுதும் அளவுக்குத் தேறினார். அண்மையில் குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காக எடுத்த இ.சி.ஜி. தாளில் நாடித் துடிப்பு 108, கியூடி இடைவெளி 350, திருத்தப்பட்ட கியூடி 470 மில்லி வினாடி என்று அச்சாகியிருந்தது. அதைப் பார்த்த மருத்துவர், இம்மாத்திரை இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்றும் மனநல மருத்துவரின் கருத்தைப் பெற்று வர வேண்டும் என்றும் கூறினார். எங்கள் மருத்துவரைப் பார்க்க இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன. அதுவரை மாத்திரையை நிறுத்தி வைக்கலாம் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். நிறுத்தலாமா? நீண்ட காலம் எடுத்துக்கொண்டால் இதயத்துக்கு உண்மையில் என்னதான் ஆகும்?

பதில் – மனநல மருத்துவர்

முதலில் மிக முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன்: நீங்களாக நிறுத்தாதீர்கள். க்ளோசபினைத் திடீரென நிறுத்தினால் நோய் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பக்கூடும். 48 மணி நேரத்துக்கு மேல் விடுபட்டாலே பழைய அளவுக்கு நேராகத் திரும்ப முடியாது, 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி படிப்படியாக ஏற்ற வேண்டியிருக்கும்.

அந்த 470 என்ற எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கியூடி என்பது இதயத்தின் கீழறைகள் ஒவ்வொரு துடிப்பிலும் மின்னூட்டம் பெற்று மீண்டும் தணிய எடுத்துக்கொள்ளும் நேரம். துடிப்பு வேகமானால் அந்த நேரம் சுருங்கும் என்பதால், ஒரு சூத்திரத்தைக் கொண்டு அதைத் திருத்திச் சொல்வார்கள். பெரும்பாலான இயந்திரங்கள் பயன்படுத்தும் பாசெட் சூத்திரம், நாடி 100-ஐத் தாண்டும்போது எண்ணைக் கூட்டிக் காட்டிவிடும். உங்கள் அண்ணனின் அதே அளவுகளை ஃபிரிடெரிசியா என்ற இன்னொரு சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 426 வருகிறது. ஆண்களுக்கு 450 வரை இயல்பு. 500-ஐத் தாண்டினால்தான் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து வெகுவாகக் கூடுகிறது. எனவே அச்சான எண்ணைக் கண்டு கலங்க வேண்டாம். இதய மருத்துவர் ஒருவர் அந்தத் தாளைக் கையால் அளந்து பார்க்கட்டும்.

வேகமான துடிப்பு வேறு விஷயம். இதயத்தின் வேகத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கும் நரம்பின் செயலை க்ளோசபின் தடுப்பதால், இம்மருந்து எடுப்பவர்கள் பலருக்கு நாடி கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் அதை மருந்தின் இயல்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது. இம்மருந்து அரிதாக இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கும். அது பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களுக்குள் நேரும் என்பதால் உங்கள் அண்ணன் அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டார். தசை மெல்லத் தளர்ந்து போகும் பாதிப்போ மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் வரலாம். மூச்சிரைப்பு, கணுக்கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது, காரணமில்லாத களைப்பு ஆகியவை இருந்தால் தாமதிக்கக் கூடாது. இவை இல்லாவிட்டாலும், அறுவைச் சிகிச்சை வரவிருப்பதால் ஒரு எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) எடுத்துவிடுவது நல்லது.

இம்மருந்துகளின் ஆபத்தை நான் மறைக்க விரும்பவில்லை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடந்து 2009-இல் வெளியான பெரிய ஆய்வு, மனநோய் எதிர் மருந்துகளை எடுப்போரிடம் திடீர் இதய மரணம் ஏறக்குறைய இருமடங்கு என்றும், மருந்தின் அளவு கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது என்றும் காட்டியது. அதே 2009-இல் வெளியான, பின்லாந்து நோயாளிகளைப் பதினோரு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், இவ்வகை மருந்துகளுக்குள் க்ளோசபின் எடுத்தவர்களிடமே இறப்பு விகிதம் மிகக் குறைவாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, மருந்தை விட்டுவிடுவதைவிட இதயத்தைக் கண்காணித்தபடி தொடர்வதே சரி என்பது என் உறுதியான கருத்து.

பதில் – மருந்தாளுநர், திருச்சி

மருத்துவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கியூடி இடைவெளி ஆபத்தான அளவுக்கு நீளும்போது, அதற்கு ஒரே மருந்து மட்டும் காரணமாக இருப்பது குறைவு. இரண்டு மூன்று காரணங்கள் ஒன்றுசேர்ந்துவிடுகின்றன. வாந்திக்கு டாம்பெரிடோன் அல்லது ஆன்டன்செட்ரான், சளிக்கு அசித்ரோமைசின், சிறுநீர்த் தொற்றுக்கு லீவோஃப்ளாக்சசின் என்று கடைகளில் அன்றாடம் கைமாறும் மாத்திரைகளே அந்த இடைவெளியை நீட்டக்கூடியவை. கடும் வயிற்றுப்போக்கால் பொட்டாசியம் குறைந்திருக்கும் நேரத்தில் இவை சேர்ந்தால் ஆபத்து பெருகும். ஆகவே எந்தக் கடைக்கு, எந்த மருத்துவரிடம் போனாலும் க்ளோசபின் சீட்டைக் காட்டுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும்.

அண்ணனுக்குப் புகைப்பழக்கம் உண்டா என்பதையும் தெரிவியுங்கள். சிகரெட்டின் புகை, க்ளோசபினை உடைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டிவிடுகிறது. புகைப்பதைத் திடீரென விட்டால், மாத்திரை அதே அளவில் இருந்தும் ரத்தத்தில் மருந்தின் அளவு ஓரிரு வாரங்களில் ஒன்றரை மடங்குவரை உயரலாம்.

பதில் – ஒரு தாய், மதுரை

என் மகன் முதலில் ஓலன்சபின் என்ற இதே வகை மருந்தும் பிறகு க்ளோசபினும் எடுத்தவன் என்பதால் எழுதுகிறேன். இ.சி.ஜி. பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இடுப்பளவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த இறப்புகளில் பெரும்பங்கு மாரடைப்பு போன்ற நோய்களால் நேர்வது. எடை ஏறி, சர்க்கரை கூடி, கெட்ட கொழுப்பு சேர்ந்து ரத்தக் குழாய் அடைபடுவது ஓசையில்லாமல் நடக்கிறது.

மனநலப் பிரிவில் மனதை மட்டும் கேட்டார்கள். பொது மருத்துவரோ மனநல மாத்திரை என்றதும் அங்கேயே போகச் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் என் மகனின் சர்க்கரையை நெடுங்காலம் ஒருவரும் பார்க்கவில்லை. இதைச் சொல்லும்போது இன்னமும் மனம் கொதிக்கிறது. இப்போது எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு அனைத்தையும் ஒரே நோட்டில் எழுதி, இரு மருத்துவர்களிடமும் நானே நீட்டுகிறேன். இந்திய ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எடை ஏறினால் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை உதவுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள் அம்மா. என் மகனுக்கு உதவியது.

தென்காசித் தங்கை

மிக்க நன்றி. மருந்தாளுநர் ஐயா கேட்டதைப் படித்ததும் திடுக்கிட்டுவிட்டது. அறுவைச் சிகிச்சைக்காகப் புகைப்பதை நிறுத்தச் சொன்னதால், நாள்தோறும் ஒரு பாக்கெட் புகைத்தவர் ஒரேயடியாக விட்டுவிட்டார். இ.சி.ஜி. எடுத்தது அதற்குப் பிறகுதான். கொஞ்ச நாட்களாகப் பகலிலும் தூங்கி வழிகிறார். வாயில் எச்சில் வடிகிறது. வயதின் தளர்ச்சி என்று நினைத்திருந்தோம்.

மனநல மருத்துவர்

அப்படியானால் மூன்று வாரங்கள் காத்திருக்க வேண்டாம். இன்றே உங்கள் மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்து, புகைப்பதை விட்ட தேதியையும் இப்போதைய தூக்கத்தையும் சொல்லுங்கள். ரத்தத்தில் க்ளோசபின் அளவைப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. இரவு மாத்திரை எடுத்து ஏறக்குறைய 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். மருந்தின் அளவு கூடியிருந்தால் துடிப்பின் வேகத்துக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். மாத்திரையைக் குறைப்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்; நீங்களாகக் குறைக்க வேண்டாம். அவரை மீண்டும் புகைக்கவும் விடாதீர்கள். அவர் இதயத்துக்கு அவரே செய்துகொண்ட பெரிய நன்மை அது. எழுப்பினாலும் சரியாக விழிக்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, மயங்கி விழுந்தாலோ தொலைபேசிக்காக நிற்காமல் 108-ஐ அழைத்துவிடுங்கள்.