எஃப் 1.8 என்ற எண்ணை நம்பி இரவில் ஏமாற வேண்டாம்

கூத்துரசிகன்:
இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குள், இரவில் படம் எடுக்க ஏற்ற சிறிய கேமரா எதுவென்று சென்ற வாரம் புதுமுகம் என்ற தங்கை இங்கே கேட்டிருந்தார். அதற்கு நண்பர் வெண்கதிர், "பழைய சோனி ஆர்எக்ஸ்100 ஒன்றை வாங்கிவிடுங்கள்; எஃப் 1.8 லென்ஸ், ஒரு அங்குல சென்சார், இரவுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம்" என்று எழுதினார். பலரும் அதை ஆமோதித்திருக்கிறார்கள். யாரும் அந்த லென்ஸின் முகப்பில் அச்சிட்டிருக்கும் இரண்டாவது எண்ணைப் படிக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். அங்கே இருப்பது 1.8 மட்டுமன்று, 1.8 முதல் 4.9 வரை என்று இருக்கிறது. எஃப் எண் என்பது லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கிறது என்பதன் அளவு; எண் கூடக் கூட, படத்தைப் பதிவு செய்யும் தகடான சென்சாருக்கு வரும் ஒளி குறையும்.

2012இல் வந்த அந்த முதல் மாடலில் 28 மி.மீ. அகலக் கோணத்தில் மட்டுமே 1.8 கிடைக்கும் (மி.மீ. கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்). 50 மி.மீ. வருவதற்குள் அது 2.8ஐத் தாண்டிவிடுகிறது, 100 மி.மீ.க்குப் போனால் 4.9 ஆகிவிடுகிறது. இது சிறிய வித்தியாசம் அன்று. 4.9ஐ 1.8ஆல் வகுத்து வருவதை அதே எண்ணால் பெருக்கிப் பாருங்கள், உள்ளே வரும் ஒளி ஏழு மடங்குக்கு மேல் குறைந்திருக்கும். அதாவது 1.8இல் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்; கூட்டினால் படம் புள்ளியடிக்கும்) 800 போதுமான இடத்தில் 4.9இல் ஏறத்தாழ 6400 வைக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேமராவில் சாதாரணமாக வைக்கக்கூடிய உச்சவரம்பே 6400தான்.

இதை நான் ஏட்டில் படித்துவிட்டு எழுதவில்லை. அந்தக் கேமராவைச் சொந்தக் காசில் வாங்கி, செய்யாறு பக்கத்தில் ஒரு கிராமத்துப் பாரதக் கூத்துக்குக் கொண்டுபோனேன். பின்னிரவு இரண்டு மணிக்குத் துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து வெளிப்படும் கட்டம் வந்தது. அதற்காகத்தான் அவ்வளவு நேரம் விழித்திருந்தேன். இருபத்தைந்து அடி தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுத்த படத்தில் தோளில் கட்டும் புஜக்கீர்த்தியில் பதித்த கண்ணாடித் துண்டுகள் வெள்ளை வெள்ளையாக வெடித்திருந்தன. கிரீடத்துக்குக் கீழே முகத்தில், அரிதாரத்தின் மேல் நுணுக்கமாக வரைந்த மீசைக் கோடும் புள்ளிகளும் கரைந்து ஒரே பூச்சாகிவிட்டன. அவர் கிறிக்கி அடித்துச் சுழன்றபோது எடுத்தவற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. அன்றிரவு நான் இழந்தது திரும்பி வராது.

வெண்கதிர்:
கூத்துரசிகன் ஐயா, என் வரியைப் பாதியில் வெட்டிப் பேசுகிறீர்கள். நான் 1.8 என்று மட்டும் சொல்லவில்லை, ஒரு அங்குல சென்சார் என்றும் சொன்னேன். பெயரில்தான் அங்குலம், அதன் அளவு 13.2க்கு 8.8 மி.மீ., அதாவது பரப்பில் 116 சதுர மி.மீ. அதே காலத்தில் கடைகளில் குவிந்துகிடந்த மலிவுக் கேமராக்களில் இருந்த சென்சார் வெறும் 28 சதுர மி.மீ. நான்கு மடங்கு பெரிய பாத்திரத்தில் மழைநீர் பிடிக்கிறவனைப் பார்த்து உன் பாத்திரத்தின் வாய் சற்றுக் குறுகல் என்று சொல்வது எந்த நியாயத்தில் சேரும்?

மேலும், 100 மி.மீ. வரை ஜூம் செய்யச் சொன்னது யார்? அகலக் கோணத்தில் 1.8லேயே எடுங்கள், பிறகு வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். 20 மெகாபிக்சலில் 50 மி.மீ. அளவுக்கு வெட்டினாலும் 6 மெகாபிக்சல் மிஞ்சும். வீட்டுச் சுவரில் மாட்ட அது தாராளம். லென்ஸைக் குறை சொல்வதற்கு முன்னால் பத்தடி முன்னே நகர்ந்து உட்கார்ந்திருக்கலாம்.

கூத்துரசிகன்:
பத்தடி முன்னே நகர்வதாம்! கூத்து பார்த்தவர் எழுதுகிற வாக்கியமா இது? முன்வரிசையில் ஒன்பது மணிக்கே பாய் விரித்து, பேரப்பிள்ளைகளை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிழவிகளை எழுப்பிவிட்டு நான் கேமராவோடு போய் உட்காருவேனா? அவர்களுக்காகத்தான் அந்தக் கூத்தே நடக்கிறது.

வெட்டிக்கொள்ளலாம் என்ற யோசனையையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் வசதியாக 50 மி.மீ.யில் நிறுத்திக்கொண்டீர்கள். 100 மி.மீ. அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது ஒன்றரை மெகாபிக்சல். ஆகவே நான் தொடங்கிய இடத்துக்கே வருகிறேன்: 1.8 என்பது அந்த லென்ஸின் ஒரு முனை, மறுமுனை 4.9. அதைச் சொல்லாமல் ஒருவரை வாங்கச் சொல்வது பாதி உண்மையைச் சொல்வதாகும்.

அதே 2012இல் பானசோனிக் எல்எக்ஸ்7 வந்தது. அதன் லென்ஸ் 24 மி.மீ.யில் 1.4, 90 மி.மீ. முனையில்கூட 2.3தான். லென்ஸைச் சுற்றி, எஃப் எண்ணை மாற்றும் அபர்ச்சர் வளையமே இருக்கிறது. இருட்டில் திரையைப் பார்க்காமல் விரலால் திருப்பலாம். பழையது ஆர்எக்ஸ்100ஐவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது.

வெண்கதிர்:
எதிர்பார்த்தேன். எந்தக் கேள்வி வந்தாலும் உங்கள் பதில் எல்எக்ஸ்7தான். அதன் சென்சார் ஆர்எக்ஸ்100இன் சென்சாரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்பதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? பாதி உண்மை என்று எனக்குப் பட்டம் கட்டிய கையோடு நீங்கள் சொன்னதும் பாதிதானே?

கூத்துரசிகன்:
விழுங்கவில்லை, நீங்கள் கேட்பதற்காகக் காத்திருந்தேன். ஜூம் முனையில் 2.3க்கும் 4.9க்கும் உள்ள ஒளி வித்தியாசம் நாலரை மடங்கு. சென்சாரின் மூன்று மடங்குக்காக அதை மூன்றால் வகுத்துவிட்டாலும் எல்எக்ஸ்7 ஒன்றரை மடங்கு முன்னே நிற்கிறது. சிறிய சென்சார் பெரிய சென்சாரை முந்துகிற இடம் அது ஒன்றுதான், நான் படம் எடுக்கிற இடமும் அதுவேதான். அகலக் கோணத்தில் ஆர்எக்ஸ்100 மேல் என்பதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. மறுத்ததாக யாராவது எடுத்துக் காட்டட்டும்.

கோபுரநிழல்:
இருவரும் ஒளியைக் கைப்பிடியாக அள்ளிச் சண்டை போடுகிறீர்கள். நான் இரவில் தேரடியில் நின்று கோபுரத்தைப் படம் எடுப்பவன். முக்காலியில் கேமராவை வைத்து, ஐஎஸ்ஓ 125, அபர்ச்சர் 4, எட்டு வினாடி என்று வைத்து, கை படாமல் இரண்டு வினாடி டைமரில் எடுத்தால் 1.8, 4.9 என்ற பேச்சுக்கே இடமில்லை. சுதைச் சிற்பங்களின் கண்விழிகூடத் தெரியும். இரவுப்படம் என்றால் எது என்று முதலில் பேசித் தீர்த்துக்கொண்டால் நல்லது.

கூத்துரசிகன்:
கோபுரம் கிறிக்கி அடிக்காது நண்பரே. எட்டு வினாடியில் துரியோதனன் மேடையை மூன்று முறை சுற்றிவிடுவார். முக்காலியைப் பற்றிப் பேச வேண்டுமானால் சென்ற ஆண்டு திருவிழாக் கூட்டத்தில் தங்கள் முக்காலியின் காலில் ஒரு குழந்தை தடுக்கி விழுந்ததைத் தாங்களே இங்கே எழுதியிருந்தீர்கள். அதையும் சேர்த்துப் பேசுவோம்.

கோபுரநிழல்:
அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதன் தந்தையிடம் அப்போதே மன்னிப்புக் கேட்டேன், அதையும் எழுதியிருந்தேன். லென்ஸைப் பற்றிய விவாதத்தில் அதை இழுத்திருக்க வேண்டியதில்லை.

பழையலென்ஸ்:
முப்பது ஆண்டுகளாகக் கேமரா பழுது பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். 2006இல் வந்த ஃபியூஜி ஃபைன்பிக்ஸ் எஃப்30 உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா? வெறும் 6 மெகாபிக்சல், லென்ஸ் 2.8இல்தான் தொடங்கும். ஆனாலும் அந்தக் காலத்துச் சிறிய கேமராக்களில் கல்யாண மண்டபத்து வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் முகத்தை முகமாகக் காட்டியது அதுதான். மற்றவர்கள் மெகாபிக்சலை ஏற்றிக்கொண்டே போனார்கள். 2008இல் 14.7 மெகாபிக்சலில் ஜி10 கொண்டுவந்த கேனானே அடுத்த ஆண்டு ஜி11லும் எஸ்90லும் 10க்கு இறங்கிவந்தது. எண்ணைத் துரத்துகிற பழக்கம் அன்று மெகாபிக்சலில் இருந்தது, இன்று எஃப் எண்ணுக்கு வந்திருக்கிறது.

எண்களை விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; டியூப்லைட்டும் பல எல்இடி விளக்குகளும் வினாடிக்கு நூறு முறை கூடிக் குறைகின்றன. ஷட்டரை 1/100 அல்லது 1/50 வினாடியில் வையுங்கள், இல்லையென்றால் ஒரு படம் வெளுத்தும் அடுத்த படம் மங்கியும் வரும். பழைய கேமரா வாங்குபவர்கள் லென்ஸ் வெளியே வரும்போது அரைக்கும் சத்தம் கேட்கிறதா, வெள்ளைச் சுவரைப் படம் எடுத்தால் தூசிப்புள்ளி தெரிகிறதா என்று இரண்டையும் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

வெண்கதிர்:
பழையலென்ஸ் அண்ணன் சொன்னதில் ஒரு சொல்லுக்கும் மறுப்பில்லை. ஆனால் எண்ணைத் துரத்துவது யார் என்பதை அவர் பெயர் சொல்லியே எழுதியிருக்கலாம். இந்தத் திரியில் 4.9 என்ற எண்ணைத் தவிர வேறெதையும் கூத்துரசிகன் பேசவில்லை.

கூத்துரசிகன்:
மறைக்கப்படுகிற எண்ணைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. 4.9ஐ நீங்கள் முதல் நாளே எழுதியிருந்தால் இந்தத் திரியே பிறந்திருக்காது. பெரிய சென்சாரும் வேண்டும், ஜூம் முனையில் ஒளியும் வேண்டும் என்றால் 2014இல் வந்த கேனான் ஜி7எக்ஸ் இருக்கிறது; ஒரு அங்குல சென்சார், 24 முதல் 100 மி.மீ. வரை, மறுமுனையில் 2.8. சோனியே அதே ஆண்டு ஆர்எக்ஸ்100இன் மூன்றாம் மாடலில் ஜூமை 70 மி.மீ.க்குச் சுருக்கி, மறுமுனையை 2.8 ஆக்கியது. முதல் மாடலின் 4.9 ஒரு குறையில்லை என்றால் அவர்கள் ஏன் அதை மாற்ற வேண்டும்?

வெண்கதிர்:
தங்கை சொன்ன தொகைக்கு அந்த இரண்டும் அடங்காது. வாங்க முடியாத கேமராவைக் காட்டி, வாங்கக்கூடிய கேமராவைக் குறை சொல்வது அறிவுரை ஆகாது.

புதுமுகம்:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். கேள்வி கேட்டவள் நான்தான். என் அப்பா தவில் வாசிக்கிறார். கோவில் இரவுப் புறப்பாட்டில் சாமிக்கு முன்னால் வாசித்துக்கொண்டு நடந்துவரும்போது அவரைப் படம் எடுக்க வேண்டும். அவர் வாசிப்பதை ஒருமுறைகூட நல்ல படமாக எடுத்து அவரிடம் காட்டியதில்லை. கைபேசியில் இரவு முறையில் எடுத்தால் தீவட்டி நன்றாக வருகிறது, அப்பாவின் கைகள் மட்டும் புகைபோல வருகின்றன. கடையில் ஆர்எக்ஸ்100 ஒன்று 21,000 ரூபாய்க்கும் எல்எக்ஸ்7 ஒன்று 14,000 ரூபாய்க்கும் காட்டினார்கள். அடுத்த வாரம் திருவிழா தொடங்குகிறது. எதை வாங்கட்டும்?

வெண்கதிர்:
கூடவே நடந்துவருபவர் என்றால் நான்கடி தூரம்தானே? 28 மி.மீ. போதும், அங்கே 1.8 இருக்கிறது. ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/200 என்று வைத்துக்கொள்ளுங்கள், கைகள் நிற்கும். கைபேசி பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பதால்தான் அசையும் கை புகையாகிறது. தயங்காமல் ஆர்எக்ஸ்100ஐ வாங்குங்கள்.

கூத்துரசிகன்:
தங்கையே, அவசரப்பட வேண்டாம். தவில்காரருக்கு நான்கடியில் நின்று 28 மி.மீ.யில் எடுத்தால் தவில் பெரிதாக உப்பிக்கொண்டு அப்பாவின் முகம் அதற்குப் பின்னால் சின்னதாகப் போய்விடும். வலக்கை விரல்களில் மாட்டியிருக்கும் கூடுகளும் இடக்கையில் கழி விழுகிற வேகமும் அவர் முகத்தோடு சேர்ந்து வர வேண்டுமென்றால் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்று ஜூம் செய்துதான் ஆகவேண்டும். அங்கே 4.9 வந்து நிற்கும்.

வெண்கதிர்:
அவருடைய துரியோதனனுக்கு வந்த நட்டத்தை உங்கள் அப்பா தலையில் கட்டுகிறார். வேறொன்றும் இல்லை.

கூத்துரசிகன்:
என் நட்டம் இன்னொருவருக்கு வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். தங்கை, என் சொல்லையும் நம்ப வேண்டாம், அவர் சொல்லையும் நம்ப வேண்டாம். நாளை கடைக்குப் போங்கள். ஒரு விளக்கைத் தவிர மற்றவற்றை அணைக்கச் சொல்லுங்கள். கடைக்காரரைக் கையை வேகமாக அசைக்கச் சொல்லி, இரண்டு கேமராவையும் கடைசிவரை ஜூம் செய்து, ஷட்டரை 1/200இல் வைத்து ஒவ்வொன்றிலும் பத்துப் படம் எடுங்கள். ஆர்எக்ஸ்100இன் திரையில் அப்போது என்ன எஃப் எண் தெரிகிறது என்று பார்த்து இங்கே வந்து எழுதுங்கள். வெண்கதிர் அதைப் படிக்கட்டும்.