காசநோயும் மனச்சோர்வும்: கடலூருக்கு ஒன்றியவாரி வரைபடம் போடுவது எப்படி?

கெடிலக்கரை
கடலூர் மாவட்டத்தில் காசநோய் சிகிச்சையில் இருப்பவர்களில் மனச்சோர்வும் உள்ளவர்கள் எந்த ஒன்றியத்தில் அதிகம் என்று வரைபடம் போட வேண்டும். நிக்ஷய் (அரசின் காசநோயாளி இணையப் பதிவேடு) பதிவுகளும் பிஎச்க்யூ-9 (மனச்சோர்வைக் கண்டறியும் கேள்வித்தாள்) மதிப்பெண்களும் இருக்கின்றன. எண்ணிக்கைக்கு ஏற்ப வண்ணம் கொடுத்தால் போதுமா? புதுச்சேரிக்குப் போய் சிகிச்சை எடுப்பவர்களை என்ன செய்வது?

நிலவரைவு
வெறும் எண்ணிக்கை வேண்டாம். கேள்வித்தாள் கேட்கப்பட்டவர்கள் எத்தனை பேரோ, அதனால் வகுத்து விகிதம் எடுங்கள். கேட்க ஆள் இருக்கும் ஊரில்தான் மனச்சோர்வு பதிவாகும். மனநல மருத்துவர் வந்துபோகும் ஆஸ்பத்திரியைச் சுற்றி நிறம் அடர்ந்தால், நோய் அங்கே கூடுதல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். யாரையுமே கேட்காத ஒன்றியத்துக்குப் பூஜ்யம் போடாமல் 'தரவு இல்லை' என்று தனி நிறம் கொடுங்கள்.

சிகிச்சை மையத்தை விட்டுவிட்டு, நோயாளியின் வீட்டு முகவரியை எடுங்கள். ஜிப்மருக்கும் கோரிமேடு மார்பு நோய் மருத்துவமனைக்கும் கடலூர், விழுப்புரம் மக்கள் போகிறார்கள். மையத்தை வைத்துப் போட்டால் புதுச்சேரி சிவந்து, பண்ருட்டி வெளுத்துவிடும். ஒப்பிடுவதற்குப் புதுச்சேரியை ஒரே எண்ணாக எடுப்பதும் தவறு: மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திராவுக்குள், காரைக்கால் தெற்கே தள்ளி. கடலூரை ஒட்டிய பாகூர்தான் உங்களுக்குப் பொருந்தும்.

ஒன்றியத்தில் 40 பேரைக் கேட்டு 6 பேருக்கு மனச்சோர்வு என்றால் 15 சதவீதம். இன்னும் இரண்டு பேர் கூடினாலே 20 ஆகிவிடும். மூன்று ஆண்டுத் தரவைச் சேர்த்து, ஜியோடா என்ற வரைபட மென்பொருளில் எம்பிரிக்கல் பேயஸ் முறையில் (சிறிய எண்ணிக்கையில் வந்த விகிதத்தை மொத்தச் சராசரியை நோக்கி இழுக்கும் முறை) சமன்செய்த பிறகு பாருங்கள்.

மனநலப்பணி
மதிப்பெண் எப்போது எடுத்தது என்பது முக்கியம். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. மொத்தம் 27, வழக்கமான எல்லை 10; அதற்கு மேல் போனாலோ அதைத் தொட்டாலோ மனச்சோர்வு இருக்கலாம் என்று கொள்வார்கள். தூக்கம், அசதி, பசி ஆகிய மூன்றும் காசநோயாலேயே 9 வரை ஏறிவிடும். சிகிச்சையின் முதல் வாரத்தில் ஒரு ஒன்றியமும், இரண்டு மாத தீவிரக் கட்டம் முடிந்து இன்னொன்றும் கேட்டிருந்தால் இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைக்க முடியாது. ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதில் 1 இருந்தாலும், மொத்தம் எதுவானாலும், அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மானஸ் எண் 14416. இது வரைபடத்துக்குக் காத்திருக்கக் கூடாது.

மருந்தகம்
காசநோயா, மனநோயா, எது முதலில் வந்தது என்று தரவு அட்டவணையில் ஒரு நெடுவரிசை சேருங்கள். ஏற்கெனவே மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவருக்குக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் தொடங்கினால் கல்லீரல் அந்த மருந்தை வேகமாகச் சிதைக்கும்; ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், குறிப்பாக குவெட்டியாபின் ஆகிய மனநோய் மருந்துகளின் அளவு ரத்தத்தில் இறங்கிவிடும். அறிகுறி திரும்பியதும் 'மாத்திரை போடவில்லை' என்று பழி நோயாளி மேல் விழுகிறது. ரிஃபாம்பிசின் நின்று சுமார் இரண்டு வாரத்தில் இது தலைகீழாகி, ரத்தத்தில் அளவு மறுபடி ஏறும். ரிஃபாம்பிசினுக்காக மருந்தைக் கூட்டியிருந்தால் அந்த அளவை மருத்துவர் அப்போது குறைக்க வேண்டும். இன்னொரு காசநோய் மருந்தான ஐசோநியாசிட் அரிதாகவும், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரும் சைக்ளோசெரின் அடிக்கடியும் மனநிலையைக் குலைக்கும்.

கெடிலக்கரை
கிராமவாரியாகப் புள்ளி வைக்கலாமா?

நிலவரைவு
கூடாது. சிற்றூரில் ஒரு புள்ளி என்றாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஐந்து பேருக்குக் குறைவான இடங்களைப் பக்கத்து ஒன்றியத்தோடு சேர்த்துவிடுங்கள்.