பேச்சு வராத பிள்ளைக்கு எழுத்தை எங்கே தொடங்குவது?

மஸ்கெலியா டீச்சர்:
வணக்கம். இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் 2க்குப் படிப்பிக்கிறேன். மொத்தம் 31 பிள்ளைகள். அதில் ஒரு பையனுக்கு எட்டு வயது ஆகப்போகிறது, "அம்மா", "தா", "ஈ" இந்த மூன்றைத் தவிர வாயிலிருந்து தெளிவாக எதுவும் வராது. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டுவான், எனக்கு விளங்காவிட்டால் தரையில் உட்கார்ந்து மேசைக் காலில் தலையை முட்டிக்கொள்வான். அதைப் பார்க்கத் தாங்க முடியவில்லை.

சுவரில் 247 எழுத்தும் போட்ட அட்டவணை இருக்கிறது. மற்ற பிள்ளைகள் அதைப் பார்த்து ஒப்பிக்கும்போது இவன் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவான். ஜன்னலுக்குக் கீழே ரோட்டு. ஹட்டன் பஸ் வந்தால் எழும்பி நின்று கை தட்டுவான், மஸ்கெலியா டவுனோடு நின்றுவிடும் பஸ்ஸுக்கு அசையவே மாட்டான். எப்படித் தெரிகிறதோ.

விசேட கல்வி அலகு உள்ள பாடசாலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். அம்மா கொழுந்து எடுக்கப் போகிறவர், இவனைக் கூட்டிக்கொண்டு அலைந்தால் அன்றைக்குப் பேர் விழாது, அதாவது நாள் சம்பளம் கிடைக்காது. ஆகவே இவன் என் வகுப்பில்தான் இருக்கப்போகிறான். எனக்கு விசேட கல்விப் பயிற்சியும் இல்லை. "முதலில் பேச்சு வரட்டும், எழுத்தை அப்புறம் பார்க்கலாம்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியே காத்திருப்பதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டகலை சேர்:
காத்திருக்காதீர்கள் டீச்சர். அந்த "அப்புறம்" வரவே வராது. நானும் அதையே நம்பி ஒரு பெண்பிள்ளையை மூன்று வருடம் சும்மா உட்கார வைத்திருந்தேன். கடைசிவரை அது வாய் திறக்கவில்லை, ஆனால் ஒருநாள் தம்பியின் கொப்பியை இழுத்து "ரொட்டி" என்று எழுதி என்னிடம் நீட்டியது. பசி. அன்றைக்கு வகுப்பிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

பேச்சுக்கும் எழுத்துக்கும் முன் பின் வரிசை கிடையாது, சில பிள்ளைகளுக்கு எழுத்துத்தான் பேச்சு. அட்டவணையை இவனுக்காகக் கழற்ற வேண்டாம், ஆனால் அதிலிருந்து தொடங்கவும் வேண்டாம். அவன் பெயரை எழுதிப் படத்தோடு ஒரு அட்டை செய்து மேசையில் ஒட்டுங்கள். பிறகு ட, ப, ம, ர, க. கோடாகவும் வளைவாகவும் இருக்கிற எளிய வடிவங்கள். இந்த ஐந்தோடு புள்ளியும் தெரிந்தால் படம், மரம், பட்டம், பக்கம், கட்டம் எல்லாம் வந்துவிடும். அடுத்து துணைக்கால், உடனே மாமா, பாப்பா, காகம்.

கெ, கே, கை வரும்போது நிதானமாகப் போங்கள். கொம்பு முன்னால் நிற்கிறது, சத்தம் பின்னால் வருகிறது, கொ என்றால் இரண்டு பக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளை அங்கே தடுக்கி விழும். பிரித்துச் சொல்லிக் கொடுக்காமல் "கை" என்பதை ஒரே அட்டையாகக் கொடுத்து அவன் கையைத் தொட்டுக் காட்டுங்கள். கு, சு, து வரிசையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றுக்கும் உருவம் வேறு.

அந்த பஸ் விஷயத்தை விட்டுவிடாதீர்கள். அவன் போர்டைப் பார்க்கிறானா, பஸ்ஸின் நிறத்தைப் பார்க்கிறானா? வெள்ளைக் கடதாசியில் ஹட்டன், மஸ்கெலியா இரண்டையும் ஒரே பேனையால் ஒரே அளவில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள்.

கண்டியிலிருந்து:
நான் பேச்சுச் சிகிச்சை வேலை செய்கிறேன். சேர் சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: காது. மலைநாட்டுக் குளிரில் சளி விடாத பிள்ளைகளுக்குக் காதின் நடுப்பகுதியில் நீர் தங்கிவிடும். ஒருநாள் கேட்கும், ஒருநாள் கேட்காது. கூப்பிட்டால் திரும்புகிறான் என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. அம்மாவிடம் சொல்லி ஆஸ்பத்திரி காது மூக்கு தொண்டை கிளினிக்கில் முறையாகப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணையும் பார்த்துவிடுங்கள்.

அவன் தலையை முட்டுவதைக் குழப்படி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், சொல்ல வழி இல்லாததால் முட்டுகிறான். இன்றைக்கே அந்த வழியைக் கொடுங்கள். உங்கள் ஃபோனில் அவன் உலகத்தைப் படம் பிடியுங்கள்: பீலி (தண்ணீர் பிடிக்கிற இடம்), லயத்து இஸ்தோப்பு (லயன் வீட்டு வாசல் திண்ணை), அம்மாவின் கூடை, ரொட்டி, கக்கூஸ் கதவு, அந்த பஸ். படத்துக்குக் கீழே சொல்லைப் பெரிதாக எழுதுங்கள். ஆனால் பொருள்களின் பெயர் மட்டும் போதாது, வேண்டும், வேண்டாம், இன்னும், போதும், வா, நோகிறது, இந்த ஆறும் கட்டாயம் இருக்க வேண்டும். ரொட்டி என்ற அட்டையால் ரொட்டி மட்டும்தான் கேட்கலாம், "இன்னும்" என்ற அட்டையால் எதையும் கேட்கலாம்.

முதலில் நீங்கள் பேசும்போதே அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பேசுங்கள், அவன் தொடாவிட்டாலும் பரவாயில்லை. நாம் ஒரு குழந்தையிடம் ஒரு வருடம் பேசிய பிறகுதானே அது முதல் சொல்லைச் சொல்கிறது, இதுவும் அப்படித்தான். ஏதாவது கேட்டால் மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். "சொல்லு, சொல்லு" வேண்டாம்.

பொகவந்தலாவ மலர்:
படத்தைக் காட்டப் பழகினால் பேசவே மாட்டான் என்று எங்கள் பாடசாலையில் பெரிய டீச்சர் சொல்வார். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது.

கண்டியிலிருந்து:
பெற்றோர் எல்லோருக்கும் இந்தப் பயம் இருக்கிறது மலர், நியாயமான பயம்தான். ஆனால் அப்படி நடப்பதில்லை. படம் கொடுத்துக் கேட்கிற ஒரு முறையை அமெரிக்காவில் 1985இல் உருவாக்கினார்கள், பெக்ஸ் என்று சொல்வார்கள், பிள்ளை அட்டையை எடுத்துவந்து இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் படம் பேச்சைத் தடுத்ததாகத் தெரியவில்லை, சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடவும் செய்திருக்கிறது. வாயால் சொன்னால் வேலை சீக்கிரம் முடியும் என்றால் எந்தப் பிள்ளையும் வாயைத்தான் திறக்கும்.

பண்டாரவளை அம்மா:
என் மகளுக்குக் காதில் சீழ் வடிந்துகொண்டே இருந்தது, "மந்தமான பிள்ளை" என்று பெயர் வைத்துவிட்டார்கள். காதைச் சரிப்படுத்திய பிறகுதான் க சத்தமும் த சத்தமும் வேறு வேறு என்பதே அவளுக்குத் தெரிந்தது. ஆகவே அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம் டீச்சர்.

இன்னொன்று. தரம் 1க்குச் சேர்க்கப் போனபோது ஒரு பாடசாலையில் "இந்தப் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி இயலாமையைக் காரணம் காட்டிப் பாடசாலையில் சேர்க்காமல் விடக்கூடாது, 5 வயது முதல் 16 வரை கட்டாயக் கல்வியும் இருக்கிறது. இது எனக்கு அப்போது தெரியாது, தெரிந்த ஒருவர்தான் வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தப் பையனின் அம்மாவுக்கு இதைச் சொல்லி வையுங்கள். நாளைக்கு நீங்கள் மாற்றலாகிப் போய்விட்டால் அவர் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

மஸ்கெலியா டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன். கிளினிக்குக்கு அம்மா அரைப்பேரோடு (அரைநாள் சம்பளத்தோடு) போய்வந்தார், இடது காதில் பிரச்சினை, மருந்து கொடுத்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது அவனை என் மேசைக்குப் பக்கத்தில் வலது காது என் பக்கம் இருக்கும்படி உட்கார வைத்திருக்கிறேன்.

சேர், நீங்கள் சொன்ன மாதிரி இரண்டு அட்டையும் எழுதி வைத்தேன். முதல் நாள் இரண்டு தடவையும் ஹட்டனைத்தான் எடுத்தான். மூன்றாம் நாள் மாறி எடுத்தான், தற்செயலோ என்று மனம் விழுந்துவிட்டது. நேற்று அட்டையை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். பஸ் வந்ததும் அட்டையின் முதல் எழுத்தில் விரலை வைத்து, பிறகு பஸ் போர்டைக் காட்டி, பிறகு என்னைப் பார்த்தான். "ஆமாம், ஹ" என்றேன். அப்புறம் என் கையை இழுத்து "இன்னும்" அட்டையின் மேல் வைத்தான். பஸ்ஸா, எழுத்தா, எது இன்னும் வேண்டும் என்று தெரியவில்லை, ட அட்டையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

மேசைக்கால் சங்கதி இந்தக் கிழமை ஒரே ஒரு நாள்தான். ஒரு கேள்வி: மழைக்கு அட்டைகள் ஊறிவிடுகின்றன, லேமினேட் செய்ய ஹட்டனுக்குத்தான் போக வேண்டும். வேறு வழி உண்டா?

கொட்டகலை சேர்:
அகல செலோடேப்பை இரண்டு பக்கமும் ஒட்டுங்கள், ஓரத்தில் அரை அங்குலம் கூடுதலாக விட்டு மடியுங்கள். ஒரு தவணை தாங்கும். "ஹட்டன்" அட்டையை மட்டும் இரண்டாகச் செய்யுங்கள், ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோகட்டும்.