புதுப்பிப்பு: துவைத்தும் மை உரியவில்லை!

வீட்டில் ஸ்கிரீன் பிரிண்டிங் (சட்டத்தில் கட்டிய மெல்லிய வலை வழியாக மையைத் துணியில் இறக்கும் அச்சு) செய்த டிஷர்ட் முதல் துவையலிலேயே உரிந்துவிட்டது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. நான் வாங்கியது பிளாஸ்டிசால் மை, அதாவது பிளாஸ்டிக் கலந்த மை. அது காற்றில் காயாது; மையின் அடிவரை ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸ் சூடு ஏற வேண்டும். நானோ ஹேர் டிரையரை மேலாகக் காட்டிவிட்டு, தொட்டுப் பார்த்து நம்பிவிட்டேன்.

சரி, இப்போது வாட்டர் பேஸ் மைக்கு மாறியாயிற்று. ஒருநாள் உலரவிட்டு, மேலே பழைய பருத்தித் துணி போட்டு, நீராவி இல்லாமல் நாலைந்து நிமிடம் இஸ்திரி. ஐந்து துவையல் தாண்டிவிட்டது, எழுத்து அப்படியே இருக்கிறது.

ஒரே தொல்லை, இந்த மை வலையிலேயே காய்ந்து அதன் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. மூன்றாவது சட்டைக்குள் ‘ழ’வின் சுழி காணாமல் போனது! அப்புறம்தான், ஒவ்வொரு அச்சுக்குப் பிறகும் வலைச் சட்டத்தைத் தூக்கி, துளைகள் காயாமலிருக்க மையை வலைமேல் பரப்பி வைக்கப் பழகினேன்.